கேரட்டில் கை நனையாது

சூலூர் வேலன் அவர்களின் வாழ்க்கையை எழுதப் புகுகிறவர் அவருடைய பிறந்த தேதியிலிருந்து தொடங்க முடியாது; அது அவருக்கே தெரியாது. பிறந்த வீட்டிலிருந்து தொடங்கலாம் என்றால், பருத்திக் காட்டு ஓரத்தில் இருந்த அந்தக் குடிசை போய் அந்த இடத்தில் இப்போது விசைத்தறி ஓடுகிறது. உள்ளே நின்று விசாரித்தால் ஒருவர் சொல்வது ஒருவர் காதில் விழாது. ஆகவே அவர் வாழ்நாளில் அதிகமாகப் பயன்படுத்திய சொல்லிலிருந்து தொடங்குவதே முறை. அந்தச் சொல் ‘சரிங்க’.

வெளியூர்க்காரர்கள் இதைச் சம்மதம் என்று நினைத்து ஏமாந்துபோகிறார்கள். கோயமுத்தூர்ப் பக்கத்தில் ‘சரிங்க’ என்றால் ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. செய்வதும் செய்யாததும் பிறகு நடக்கிற சமாசாரம். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே வேலன் ரங்கராஜ் முதலாளியிடம் இருபது வருஷமாக அம்பாசடர் ஓட்டிவந்தார். கிளட்ச், பிரேக், கியர் எல்லாம் அதற்கு அடுத்தபடிதான். அப்படிப்பட்ட சொல்லே ஒரு நாள் அவரைப் பிடித்து உள்ளே போட்டுப் பூட்டிவிட்டது.

ரங்கராஜ் சூலூரில் ஸ்ரீ ராமாமணி மில்ஸ் என்ற நூற்பாலையின் முதலாளி. மில்லுக்கு மனைவி பெயர். மனைவிக்கு மில்லில் வேலையில்லை. முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுவார், மில்லில் தமிழ் பேசுவார், நெஞ்செரிச்சல் வந்தால் இரண்டையும் கலந்து பேசுவார். 1994-ஆம் வருஷம் அந்த நெஞ்செரிச்சலுக்கு மருந்து தேடித் துடியலூரில் நடந்த ஓர் இயற்கை உணவு முகாமுக்குப் போனார். போகும்போது நோயாளியாகப் போனவர், திரும்பும்போது வைத்தியராகத் திரும்பினார். உலகத்தில் எந்தப் பிராணியும் சமைத்துத் தின்பதில்லை, மனிதன் ஒருவன்தான் சமைக்கிறான், அதனால்தான் மனிதனுக்கு ஆஸ்பத்திரி தேவைப்படுகிறது என்று அங்கே ஒரு தாடிக்காரர் பேசியிருக்கிறார். ஊருக்கு ஊர் மாட்டாஸ்பத்திரி இருப்பது அந்த நேரத்தில் யார் நினைவுக்கும் வரவில்லை.

முகாமின் கடைசி நாள், வெளியே காரில் உட்கார்ந்திருந்த வேலனை உள்ளே கூப்பிட்டு ஒரு தொன்னையில் முளைகட்டிய பச்சைப்பயறும் தேங்காய்த் துருவலும் கொடுத்தார்கள். எப்படி இருக்கிறது என்று முதலாளியே கேட்டார். கொடுத்த பண்டத்தைக் கொடுத்தவர் முகத்துக்கு நேரே நன்றாயில்லை என்று சொல்லும் கெட்ட வழக்கம் நம் பக்கத்தில் கிடையாது. நெம்ப நல்லா இருக்குதுங்க என்றார் வேலன். மறுநாளிலிருந்து தினமும் அதுவே கிடைக்க ஆரம்பித்தது.

இங்கே முழங்கால் ஒன்று கதைக்குள் வருகிறது. வேலனுக்கு இடது முழங்காலில் பல வருஷத்து வலி. அந்த அம்பாசடரின் கிளட்ச்சை மிதிப்பதற்குச் செக்காட்டுவது மேல் என்று அவரே சொல்வார். பச்சைப்பயறு ஆரம்பித்த அதே வாரத்தில்தான் மெக்கானிக் பிரான்சிஸ் வண்டிக்குக் கிளட்ச் பிளேட்டை மாற்றினார். வலி போய்விட்டது. யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது வேலனுக்கும் தெரியும், முழங்காலுக்கும் தெரியும். ஆனால் முதலாளி கண் கலங்கி, நெருப்பை நீ விட்டாய், நோய் உன்னை விட்டது என்று தோளைத் தட்டும்போது, நடுவில் பிரான்சிஸின் கிளட்ச் பிளேட்டைக் கொண்டுவந்து போடுவது மரியாதையாக இராது. ஆமாங்க என்றார்.

அந்த ஆமாங்கவுக்குப் பிறகு, பொள்ளாச்சி, திருப்பூர், மேட்டுப்பாளையம் என்று முதலாளி சொற்பொழிவுக்குப் போன இடமெல்லாம் கார் ஓட்டிவந்தவரே மேடையேறி முழங்காலை மடக்கி நீட்டிக் காட்ட வேண்டியதாயிற்று. கைதட்டல் முதலாளிக்கு, கேரட் வேலனுக்கு.

என்ன தின்னலாம் என்பது சீக்கிரம் தெரிந்துவிட்டது. என்ன தின்னக் கூடாது என்பதுதான் நாளுக்கு நாள் வளர்ந்தது. சோறு, குழம்பு, காப்பி முதல் நாளே போயின. அவல் கொஞ்ச காலம் தப்பித்திருந்தது. நெல்லை வறுத்து இடிப்பதுதான் அவல் என்று கண்டுபிடித்ததும் அதுவும் போயிற்று. வெல்லம் கொப்பரையில் காய்ச்சியது. மோர், பாலைக் காய்ச்சாமல் வருவதில்லை. வெயிலில் காய்ந்தது ஆகுமா என்று வேலன் ஒரு தடவை பயந்துகொண்டே கேட்டார். முதலாளி வெகுநேரம் யோசித்துச் சூரியனை மட்டும் அனுமதித்தார்.

மில் டிஸ்பென்சரியில் மெர்சி என்ற நர்ஸம்மா இருந்தார். வேலனை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு, கேரட்டைச் சோற்றோடு தின்னுங்கள், சோற்றுக்குப் பதிலாகத் தின்னாதீர்கள், பச்சையாகச் சிலது நல்லது, வேகவைத்தால்தான் சிலது உடம்பில் ஒட்டும் என்றார். மிகச் சாதாரணமான இந்தப் பேச்சில் கூட்டம் போட்டுப் பேசுவதற்கு எதுவும் இல்லாததால் முதலாளி அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். இந்த உணவுமுறையால் ஒரு பெரிய சமூக மாற்றம் உண்டாயிற்று. வேலனுடைய அப்பாவும் பாட்டனும் முதலாளி குடும்பத்துக் காட்டில் பண்ணையத்துக்குக் கூலியாளாக இருந்தவர்கள். முதலாளி எத்தனையோ தடவை வேலன் வீட்டு வாசல்வரை வந்திருக்கிறார். ஒரு வாய் காப்பி குடித்ததில்லை. காரணம் ஒவ்வொரு தடவையும் உடம்பு சம்பந்தப்பட்டதாகவே இருந்தது. சர்க்கரை என்பார், கொழுப்பு என்பார், இப்போதுதான் குடித்தேன் என்பார். பச்சை உணவுக்கு மாறிய பிறகு அதே வாசலில் நின்று வாழைப்பழம் வாங்கித் தாமே உரித்துத் தின்றார். ஒரு தடவை இளநீர்கூடக் குடித்தார். வேலன் மனைவி பூவாத்தாள் இதைக் கவனித்துவிட்டுச் சொன்னாள்.

“தோலோட இருக்கற வரைக்கும் எல்லா ஊட்டுப் பளமும் ஒண்ணுதானுங்க.”

வேலன் அவளை உள்ளே போகச் சொன்னார்.

இவ்வளவுக்கும் ஆரம்பத்தில் அவருக்கு ஒன்றும் மோசமில்லை. பகல் முழுவதும் முதலாளியோடு கேரட் என்றாலும் வீட்டுக்கு வந்தால் பூவாத்தாள் வடித்த சோறும் கொள்ளுப் பருப்பும் இருந்தன. முதலாளி கொடுத்தனுப்பிய கேரட்டை அவர்கள் வீட்டு வெள்ளாடு தின்றது. ஆடு பளபளவென்று ஆனது. அதைப் பார்த்து முதலாளி, உன் வீட்டில் எல்லோரும் மாறிவிட்டீர்கள் போலிருக்கிறதே என்று மகிழ்ந்தார். சரிங்க என்ற சொல் அதுவரை அதன் சரியான பொருளில் வேலை செய்துகொண்டிருந்தது.

கெடுத்தது போண்டா.

ஒரு நாள் பொள்ளாச்சியில் முதலாளி உள்ளே பேசிக்கொண்டிருந்த நேரத்தில் வேலன் எதிர்க் கடையில் போண்டா தின்றுவிட்டு வாயைக் கழுவினார், கையைக் கழுவினார், ஸ்டியரிங்கைக் கழுவவில்லை. முதலாளி காரில் ஏறி உட்கார்ந்து மூச்சை இழுத்தார். அவர் கோபப்பட்டிருந்தால் வேலன் தப்பித்திருக்கலாம். அவர் வருத்தப்பட்டார். சாலையைப் பார்த்துக்கொண்டே, வண்டியை ஆனைமலைக்கு விடு என்றார்.

அங்கே கோயில் கொண்டிருக்கும் மாசாணியம்மன் படுத்த கோலத்தில் இருப்பவள். படுத்திருக்கிறாள், பார்க்க மாட்டாள் என்று நினைத்து யாரும் தப்பியதில்லை என்பது நம் பக்கத்து நம்பிக்கை. பொருளைத் திருட்டுக் கொடுத்தவர்கள், நம்பி ஏமாந்தவர்கள் எல்லாம் அங்கே போய் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வருவார்கள். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள். அரைக்கிற மிளகாயும் நெருப்புப் படாதது என்று முதலாளி அங்கேயும் ஒரு வார்த்தை சொன்னார். பிறகு வேலனைச் சன்னதிக்கு நேராக நிறுத்தினார்.

“வேலா, அம்மன் முன்னால சொல்லு. உன் பொண்ணுக்கு வரன் முடிவாகிற வரைக்கும் நெருப்புப் பட்ட எதையும் வாயில வைக்கமாட்டேன்னு.”

பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. பூசாரி தட்டோடு காத்திருந்தார். வேலனுக்கு வாயில் தயாராக இருந்தது ஒரே ஒரு வார்த்தை.

“சரிங்க.”

முதலாளியிடம் சொன்ன சரிங்க வேறு. மாசாணியம்மனிடம் சொன்ன சரிங்க வேறு. படி இறங்கும்போதே வேலனுக்கு இது உறைத்துவிட்டது. அன்றைக்குப் பூவாத்தாள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவர் தட்டைத் தள்ளிவைத்து விஷயத்தைச் சொன்னார். அவள் தட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

“ஏனுங்க, ஆண்டவன் உங்க வாயில அந்த ஒரு வார்த்தையத்தான் வெச்சு அனுப்புனானுங்களா?”

அதன் பிறகு வேலன் வீட்டில் ஒரு கைதியைப் போல வாழ்ந்தார். கடுகு பொரிகிற சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போவார். வாசலில் நின்றால் பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலை தாளிக்கிற வாசனை வரும். அவர்கள் குடியிருந்த மில் குவார்ட்டர்ஸ் வரிசை நெடுக நடந்தால் வீட்டுக்கு வீடு ஒரு குழம்பு கொதித்தது. எந்த வீட்டில் என்ன என்று அவரால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிந்தது. கால்சட்டை இடுப்பில் நிற்காமல் சணல் கயிறு கட்டினார். சாலையில் போகும்போது டீக்கடை வந்தால் கண்ணாடியை ஏற்றிவிடுவார்; முதலாளி அதைப் புலனடக்கம் என்று மேடையில் சொன்னார்.

விடுதலைக்கு ஒரே வழி மகளுக்கு வரன் முடிவாவது. மகள் சண்முகப்ரியா திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். முதலில் துடியலூரிலிருந்து ஓர் இடம் வந்தது. பையன் வீட்டார் வந்து பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்திருந்தது. பிறகு பெண் வீட்டார் பையன் வீட்டைப் பார்க்கப் போனார்கள். இந்த இடத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. பார்க்கப் போன வீட்டில் இஷ்டமில்லை என்றால் ஒரு செம்புத் தண்ணீரோடு எழுந்து வந்துவிடலாம். இஷ்டம் என்றால் அங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்குப் பெயர் கை நனைப்பது. கை நனைந்தால் வரன் முடிவு. மற்றவர்கள் எத்தனை பேர் நனைத்தாலும் பெண்ணைப் பெற்றவர் கை நனைய வேண்டும்.

இலை போட்டார்கள். வேலன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தியத்தின் அமைப்பு முழுவதும் அவருக்குத் தெரிந்தது. வரன் முடிவானால்தான் அவர் சோறு தொடலாம். அவர் சோறு தொட்டால்தான் வரன் முடிவாகும். முதலாளி எத்தனையோ இயந்திரங்களை வாங்கி மில்லில் பூட்டியிருக்கிறார்; இவ்வளவு இறுக்கமாக எதையும் பூட்டியதில்லை.

துடியலூர்க்காரர்கள் மிகவும் மரியாதையானவர்கள். பரவாயில்லீங்க, உங்குளுக்கு மனசு ஒப்பலையாட்ட இருக்குது என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். வேலன் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். கேரட்டை வைத்து ஒரு விளக்கமும் தொடங்க முடியவில்லை. அந்த இடம் போய்விட்டது.

அடுத்து வந்தது சூலூரிலேயே. பையன் கதிர், லேத் பட்டறையில் வேலை. திருப்பூர் பஸ்ஸில் சண்முகப்ரியா ஏறுகிற நிறுத்தத்தில்தான் அவனும் நிற்பான் என்பதைத் தவிர அவர்களுக்குள் ஒன்றுமில்லை என்று பூவாத்தாள் எல்லோரிடமும் சொன்னாள். அவன் பட்டறை நிறுத்தத்துக்கு எதிர்த் திசையில் இருந்ததை மட்டும் சொல்லவில்லை. அவன் அம்மா நாச்சியம்மாள் வந்து பெண்ணைப் பார்த்துத் தலையில் பூ வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்குச் சண்முகப்ரியா அப்பாவிடம் நேராகப் பேசாமல், அவர் காதில் விழும்படி அம்மாவிடம் பேசினாள்.

“இதும் போச்சுன்னா எனக்குக் கண்ணாலமே வேண்டாம். அப்பன் ஆயுசுக்கும் கேரட்டுத் தின்னுட்டு இருக்கட்டும்.”

வேலன் மறுநாள் காரை ஓட்டிக்கொண்டே, முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிந்த முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னார். ஒரு நாளைக்கு மட்டும், ஒரு வாய்க்கு மட்டும் விலக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். முதலாளி நிதானமாகக் கேட்டுவிட்டு, இது உனக்கும் அம்மனுக்கும் நடுவில் உள்ள விஷயம், நான் குறுக்கே வரக் கூடாது என்றார். பிறகு, கவலைப்படாதே, நானே கூட வந்து அவர்களுக்கு விளக்கிச் சொல்கிறேன், பெண் வீட்டுக்குப் பெரிய மனிதர் ஒருவர் வந்த மாதிரியும் இருக்கும் என்றார்.

சரிங்க என்றார் வேலன். வேறென்ன சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதலாளி, வேலன், பூவாத்தாள் மூவரோடும் அம்பாசடர் கதிர் வீட்டு வாசலில் போய் நின்றது. டிக்கியிலிருந்து ஒரு கூடை இறங்கியது: கேரட், வெள்ளரி, வாழைப்பழம், தேங்காய். மில் முதலாளியே வந்திருக்கிறார் என்று நாச்சியம்மாள் வீட்டில் ஒரே பரபரப்பு. இரண்டு அறை வீடு. கட்டிலை வெளியே தூக்கிப் போட்டுப் பாய் விரித்திருந்தார்கள். முதலாளிக்கு மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நாற்காலி. எல்லோரும் கீழே உட்காரும்போது நான் மட்டும் மேலேயா என்று அவரும் பாயில் உட்கார்ந்தார். இதை எல்லோரும் பெருமையாகப் பார்த்தார்கள். அவரே கொஞ்சம் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்.

இலை விழுந்தது. வேலன் பக்கத்தில் முதலாளி, எதிரே கதிரின் தாய்மாமன் அங்கப்பன். இந்த அங்கப்பன் ஒரு சொசைட்டியில் பால் அளக்கிறவர். எதிலும் அளவு பார்க்காமல் விடமாட்டார். எல்லோருக்கும் சோறு விழுந்தது, கோழிக் குழம்பு விழுந்தது. வேலன் இலையிலும் முதலாளி இலையிலும் கூடையிலிருந்த கேரட் விழுந்தது. கோழிக் குழம்பின் ஆவி வேலன் முகத்துக்கு நேரே வந்து கொஞ்ச நேரம் நின்றது. அவர் கேரட்டைக் கடித்தார். அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

முதலாளி தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார். யானை சமைக்கிறதா என்று கேட்டார். மாடு சமைக்கிறதா என்று கேட்டார். யாரும் சமைக்கிறது என்று சொல்லவில்லை. வேலனின் சத்தியத்தையும் சொன்னார், அவருடைய முழங்காலையும் சொன்னார். எல்லாவற்றையும் அங்கப்பன் தலையாட்டிக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் என்றார்.

“கேரட்டுல எங்கீங்க கை நனையுது?”

அங்கப்பன் வேலனுடைய காய்ந்த கையைக் காட்டினார்.

“இல்லீங்க, நாங்க ஒண்ணும் தப்பா நெனைக்கலீங்க. அவரு உண்ணலைன்னாலும் பரவால்லீங்க. ஆனா கை காஞ்சு இருந்துச்சுன்னா, நாளைக்கு ஒரம்பரை, சொந்தபந்தத்துல யாராச்சும் கேட்டா நான் என்னன்னுங்க சொல்றது?”

முதலாளி உடனே இளநீர் கொண்டுவரச் சொல்லலாம், கையை அதில் நனைக்கலாம் என்றார். அங்கப்பன் மிகுந்த மரியாதையோடு அதை மறுத்தார். இளநீர் மரத்திலிருந்து வந்தது, கேரட் கூடையிலிருந்து வந்தது. இந்த வீட்டுச் சட்டியிலிருந்து வந்தது எதுவோ அதில்தான் கை நனைய வேண்டும். வீட்டைப் பிடித்திருக்கிறது என்பதற்குத்தானே கை நனைப்பது. தென்னை மரத்தைப் பிடித்திருக்கிறது என்பதற்கு அல்லவே.

வேலன் தலையைத் தூக்கவில்லை. துடியலூர் வாசற்படி அவர் கண்ணுக்கு முன்னால் வந்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நாச்சியம்மாள் நின்றிருந்தாள். கதிர் தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கும் ஊற்றாமல் நின்றான்.

பூவாத்தாளுக்கு அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து சமையலறைக்குள் போனாள். அழுவதற்குத்தான் போனாள் என்று பிறகு அவளே சொன்னாள். உள்ளே ரசச் சட்டி மூடியில்லாமல் இருந்தது. ஆவி வரவில்லை. வெறும் பழக்கத்தில் விரலால் தொட்டுப் பார்த்தாள், ஜில்லென்று இருந்தது. அடுப்பைப் பார்த்தாள், கெரசின் அடுப்பு திரி கருகிக் கிடந்தது. நாச்சியம்மாள் பின்னாலேயே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வெளிய சொல்லிப்போடாதீங்க அம்மணி. கோளி வெந்தவொடனே கெரசின் தீந்துபோச்சுங்க. கடையும் ஞாயித்துக்கெளமன்னு பூட்டிக் கெடந்துச்சு. பச்சப்புளி ரசத்தக் கரைச்சு வெச்சுட்டேனுங்க.”

கொங்குநாட்டில் பச்சைப்புளி ரசம் தெரியாத வீடு கிடையாது. புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சீரகமும் நசுக்கிப் போட்டு, கையால் கலக்கி வைத்தால் முடிந்தது, அடுப்பே வேண்டாம். வேலை முடிந்து களைத்து வந்த நாளில் வீட்டு ஆட்கள் மட்டும் உண்பது அது. மாப்பிள்ளை வீட்டு விருந்தில், அதுவும் மில் முதலாளி உட்கார்ந்திருக்கும் பந்தியில், தாளித்துக் கொதிக்காத ரசத்தை ஊற்றினார்கள் என்று வெளியே தெரிந்தால் அந்த வீட்டுப் பெண்பிள்ளை பல வருஷத்துக்குத் தலை நிமிர முடியாது.

பூவாத்தாள் அவளையே பார்த்தாள். நாச்சியம்மாளும் கதவிடுக்கு வழியாகத் தன் மகனைப் பார்த்தாள். அவன் செம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். பிறகு ரசச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நாச்சியம்மாளே வெளியே வந்தாள்.

“இது காச்சாத ரசமுங்க” என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “கெரசின் இல்லீங்க. பச்சப்புளி கரைச்சதுங்க. நெருப்பு படலீங்க.”

அங்கப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதலாளியும் நிமிர்ந்தார். உணவு விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல அங்கே அவர்தான் இருந்தார். அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற பொறுப்போடு விசாரணையைத் தொடங்கினார். புளி எப்படி என்றார், வெயிலில் காய்ந்தது. உப்பு, கல்லுப்பு, அதுவும் வெயில். மிளகாய் சுட்டுப் போட்டதா என்றார். சுடுவதற்கு அடுப்பு ஏது என்றாள் நாச்சியம்மாள். கடைசியில் முதலாளி விரலைத் தூக்கினார்.

“வெல்லம்?”

பச்சைப்புளி ரசத்துக்குத் துளி வெல்லம் போடுவார்கள். வெல்லமோ கொப்பரையில் காய்ச்சியது. வேலன் கண்ணை மூடிக்கொண்டார்.

“மறந்துபோட்டேனுங்க” என்றாள் நாச்சியம்மாள். இரண்டாவது அவமானம் முதலாவதைவிட மெதுவாக வந்தது.

முதலாளியின் முகம் மலர்ந்தது. “இது சுத்தமான இயற்கை உணவு” என்றார். “இதைவிட உயர்ந்தது இல்லை. முகாமிலேயே இது தெரியாது.”

வேலன் கையைக் குவித்து நீட்டினார். நாச்சியம்மாள் ஊற்றினாள். புளிப்பும் காரமும் விரல் இடுக்கில் ஒழுகி மணிக்கட்டு வரை போயிற்று. அவர் உறிஞ்சினார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. பச்சை மிளகாய் கொஞ்சம் தூக்கல் என்று பிறகு சொன்னார்கள். அங்கப்பன் எட்டி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பாலை அளப்பதைப் போலவே பார்த்தார்.

“நனைஞ்சுதுங்க” என்றார். “முடிவாச்சுங்க.”

கதிர் செம்பைக் கீழே வைத்தான். பூவாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதே மூச்சில் வேலன் இலையில் கேரட் ஒதுங்கிச் சோறு விழுந்தது, அதன் மேல் கோழிக் குழம்பு விழுந்தது. அம்மனுக்குச் சொன்ன சொல் அத்தோடு தீர்ந்தது. அவர் சோற்றில் கை வைக்கப் போனார்.

வைக்க முடியவில்லை. வந்த பெரிய மனிதர் இலையில் கை வைக்காமல் மற்றவர்கள் உண்ணத் தொடங்குவது இல்லை. முதலாளி இலையில் அவரே கொண்டுவந்த காய்ந்த கேரட் மட்டும் இருந்தது.

“மொதலாளிக்கும் ஊத்துங்க” என்றார் அங்கப்பன். “அவருதானுங்க சொன்னாரு, இதவிட ஒசந்தது இல்லைன்னு.”

முதலாளி இலையில் ரசம் விழுந்தது. ஒரு வெங்காயத் துண்டு மிதந்து ஓரத்துக்குப் போயிற்று. நெருப்புப் படாதது, அவரே சான்று கொடுத்தது. உரிக்கத் தோல் இல்லை. இந்த வீட்டுத் தண்ணீரில், இந்த வீட்டுக் கையால் கரைத்தது. எல்லோரும் அவர் கையைப் பார்த்தார்கள். எல்லோருடைய கையும் இலைக்கு மேலே நின்றது. வேலன் கை சோற்றுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது.

“எனக்குப் புளிப்பு ஆகாது” என்றார் முதலாளி.

“விடிஞ்சா எலுமிச்சம்பளச் சாறுதானுங்களே குடிக்கறீங்க” என்றாள் பூவாத்தாள், மிகவும் அக்கறையோடு.

முதலாளி சிரிக்கப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பெண் வீட்டுப் பெரிய மனிதராக வந்தவர் கதவு வழியாகப் போக முடியாது. கடைசியில் ஐந்து விரலையும் ரசத்தில் தோய்த்து எடுத்தார். கை இலைக்கு மேலே நின்றது. வாய்ப் பக்கம் வரவில்லை. துளி துளியாக ரசம் இலையிலேயே விழுந்தது.

நாச்சியம்மாள் சட்டியோடு நின்று அதைப் பார்த்தாள்.

“கை நனைஞ்சாப் போதுமுங்க” என்றாள். “வாயைப் பத்தி இங்க யாரும் கேக்கலீங்க.”

எல்லோரும் உண்ணத் தொடங்கினார்கள். அதன் பிறகு முதலாளிப் பக்கம் யாரும் திரும்பவில்லை. அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டார்கள். அவர் அந்த மரியாதைக்கு நடுவில் ஈரக் கையோடு உட்கார்ந்திருந்தார். வேலன் உண்டதைப் பற்றி எழுத வேண்டுமானால் தனியாக ஒரு புத்தகம் வேண்டும். கதிரின் வீட்டில் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதோடு விடுவோம்.

கை கழுவக் கதிர் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தான். வேண்டாம், வண்டியில் இருக்கிறது என்றார் முதலாளி.

பூவாத்தாள் நாள் குறிப்பதைப் பேச அங்கேயே இருந்துவிட்டாள். காரில் இருவர் மட்டும். வேலன் தண்ணீர் பாட்டிலைப் பின்னால் நீட்டினார். முதலாளி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், மூடியைத் திறக்கவில்லை. விமானப்படைத் தளத்துச் சுவரை ஒட்டி வண்டி போய்க்கொண்டிருந்தபோது வேலன் வழக்கம்போலக் கண்ணாடியைப் பார்த்தார். முதலாளி விரல்களை மூக்குக்கு அருகே கொண்டுபோய் முகர்ந்துகொண்டிருந்தார். அவரும் இத்தனை மாதம் கேரட் தின்றவர்தான், அது உண்மை. ஜன்னல் வழியாக வெளியே ஒரு தடவை பார்த்தார். சாலையில் யாருமில்லை. சுட்டுவிரல் வாய்க்குள் போயிற்று. பிறகு அடுத்த விரல்.

வேலன் கையை நீட்டிக் கண்ணாடியைக் கூரையைப் பார்க்கும்படி திருப்பிவிட்டார்.

அடுத்த வாரம் முதலாளி பழைய முதலாளியாகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கேரட் பெட்டி வழக்கம்போல வந்தது. வேலன் மெர்சியம்மா சொன்னபடி அதைச் சோற்றோடு தின்றார். ஒரு வெள்ளிக்கிழமை காரில் ஏறியதும் முதலாளி சொன்னார், பேரன் பிறக்கிற வரைக்கும் என்று அம்மனிடம் இன்னொரு தடவை சொல்லிவிட்டு வந்துவிடலாம், வண்டியை ஆனைமலைக்கு விடு என்று.

வேலன் சாவியைத் திருப்பினார். வழக்கமாக அந்த இடத்தில் வருகிற வார்த்தை வந்து நாக்கு நுனியில் நின்றது. அவர் அதை விழுங்கினார்.

“வண்டி ஆனைமலைக்குப் போகாதுங்க.”

“ஏன், என்ன ரிப்பேர்?”

“ரிப்பேர் ஒண்ணுமில்லீங்க” என்று வேலன் கிளட்ச்சை மிதித்து, கியரைப் போட்டு, வண்டியை மில்லுக்கு விட்டார்.